விண்வெளித் துறையில் வேலை: ஏரோஸ்பேஸ் மட்டுமே வழியா?

பள்ளிகளில் விண்வெளி பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வி தவறாமல் வரும்: “இஸ்ரோவில் சேர என்ன படிக்கணும்?” பக்கத்தில் நிற்கும் பெரியவர் யாராவது “ஏரோஸ்பேஸ் படி” என்று சொல்லிவிடுவார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

ஏரோஸ்பேஸ் நல்ல படிப்பு. ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நம்பிக் கடன் வாங்கிக் கல்லூரியில் சேர்க்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அது கிடைக்கவில்லை என்பதால் ஆசையையே மூட்டைகட்டி வைத்துவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டுமே வருத்தம் தருகின்றன. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது மின்னணுவியல். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தை நடத்திய செங்கோட்டை நிகார் ஷாஜி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்ததும் மின்னணுவியல்தான். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேலும், 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான குமரி மாவட்டத்து வி.நாராயணனும் இயந்திரவியல் டிப்ளமோவில் தொடங்கி மேலே வந்தவர்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி படிப்பிலிருந்து தொடங்கவில்லை. என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று முதலில் பார்ப்போம். எது பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் படிப்பைத் தேர்வது பாதி எளிது.

முதலில், துறை எப்படி மாறியிருக்கிறது?

நம் பெற்றோர் காலத்தில் இந்திய விண்வெளி என்றால் இஸ்ரோ மட்டும்தான். 2020-ல் மத்திய அரசு இத்துறையைத் தனியாருக்குத் திறந்தது. அனுமதி தரவும் வழிநடத்தவும் இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பு வந்தது. 2022 நவம்பர் 18 அன்று ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் ‘விக்ரம்-எஸ்’ ராக்கெட்டை ஏவியது. இந்தியத் தனியார் நிறுவனம் ஒன்றின் முதல் ராக்கெட் அது. 2024 மே 30 அன்று, சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. பெங்களூருவின் பிக்ஸல் செயற்கைக்கோள்களை விண்ணில் வைத்துப் படங்களை விற்கிறது. 2033-க்குள் இந்திய விண்வெளிப் பொருளாதாரம் 44 பில்லியன் டாலரை எட்ட வேண்டும் என்பது இன்-ஸ்பேஸ் வைத்திருக்கும் இலக்கு.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின் சோதனை வளாகம் பல ஆண்டுகளாக இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஏன் குலசை? பூமியின் இரு துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் தெற்கு நோக்கிப் பறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கையின் மேல் பறக்க நேரும். அதனால் அது வளைந்து போகிறது, எரிபொருள் வீணாகிறது. சிறிய ராக்கெட்டுக்கு அந்த இழப்பு பெரிது. குலசையிலிருந்து தெற்கே கடல்தான். மாநில அரசும் 2025-ல் விண்வெளித் தொழிற்கொள்கை வெளியிட்டு, ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டை இலக்காக வைத்திருக்கிறது.

படி 1: வேலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பட்டியல் போடுவதைவிட ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட் முதல்முறை பறந்தது. அதில் அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேரின் பங்களிப்போடு உருவான ‘ஆசாதிசாட்’ என்ற சின்னஞ்சிறு செயற்கைக்கோளும் இருந்தது. மூன்று அடுக்குகளும் சரியாக எரிந்தன. ஆனாலும் செயற்கைக்கோள்கள் 356 கி.மீ. வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு முனையில் 76 கி.மீ. வரை தாழும் நீள்வட்டப் பாதையில் விடப்பட்டன. அவ்வளவு தாழ்ந்தால் வளிமண்டலம் இழுத்துக்கொள்ளும். கோள்கள் பறிபோயின.

என்ன நடந்தது? இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வு எதிர்பார்த்ததைவிட அதிகம். அந்தச் சிறு நேரத்தில், வேக மாற்றத்தை அளக்கும் கருவிகளான முடுக்கமானிகளின் அளவு எல்லை மீறியது. கருவிகள் எல்லாமே பழுதாகிவிட்டன என்று ராக்கெட்டின் மென்பொருள் முடிவுகட்டி, மாற்றுவழிக்கு மாறியது. அதனால்தான் உரிய பாதை தவறியது. உண்மையில் கருவிகள் நன்றாகவே இருந்தன.

இப்போது யோசித்துப் பாருங்கள். இதில் எத்தனை பேருடைய வேலை இருக்கிறது? அடுக்குகளைப் பிரிக்கும் அமைப்பை வடிவமைத்தவர் இயந்திரப் பொறியாளர். அதிர்வை முன்கூட்டிக் கணித்தவர் கட்டமைப்புப் பகுப்பாய்வாளர். தரையில் அதிர்வு மேசையில் வைத்துச் சோதித்தவர்களில் டிப்ளமோ படித்தவர்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்களும் இருப்பார்கள். முடுக்கமானி மின்னணுக்காரருடையது. ‘எத்தனை நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கருவி பழுது என்று முடிவெடுப்பது?’ என்ற தர்க்கம் மென்பொருள்காரருடையது. தரைக்கு வந்த தரவைப் பிரித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தது இன்னொரு குழு. பிரிப்பு அமைப்பையும் தர்க்கத்தையும் திருத்தி, 2023 பிப்ரவரி 10 அன்று அதே வகை ராக்கெட் மீண்டும் பறந்தது. ஆசாதிசாட்-2 உரிய பாதையில் சேர்ந்தது.

இவர்களில் நீங்கள் யாராக இருக்க ஆசைப்படுகிறீர்கள்? அதற்குச் சொல்லும் பதில்தான் உங்கள் படிப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

ராக்கெட் கட்டுவதோடு துறை முடிவதில்லை. செயற்கைக்கோள் தரும் தகவலைப் பயன்படுத்தும் வேலைகள் தனி உலகம். கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணித்து, மீன் கூடும் பகுதி எது என்று ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. பயிர்ப் பரப்பு மதிப்பீடு, வெள்ள வரைபடம், காட்டுத்தீ, நகரத் திட்டம் என இது விரிந்துகொண்டே போகும். புவியியல், நிலவியல், வேளாண்மை, கடலியல் படித்தவர்களுக்கு இங்கே இடம் உண்டு. சட்டம், காப்பீடு, பொருளாதாரம் தெரிந்தவர்களும் தேவைப்படத் தொடங்கிவிட்டார்கள்.

படி 2: எட்டாம் வகுப்பிலேயே கவனிக்க வேண்டியது

இஸ்ரோ 2019 முதல் ‘யுவிகா’ என்ற இளம் விஞ்ஞானி பயிற்சியை நடத்துகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு, கோடை விடுமுறையில், இஸ்ரோ மையங்களிலேயே சுமார் இரண்டு வாரம் தங்கிப் பயிலும் வாய்ப்பு. தேர்வானவர்களின் பயணம், தங்குமிடம், உணவு எல்லாம் இஸ்ரோ செலவு. எட்டாம் வகுப்பு மதிப்பெண், இணையவழி வினாடிவினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், சாரணர் அல்லது என்.சி.சி. பங்கேற்பு ஆகியவற்றை வைத்துத் தேர்வு நடக்கிறது. ஊராட்சிப் பகுதிப் பள்ளிகளில் படிப்பவர்களுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

பல கிராமப்புறப் பள்ளிகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை; சேரும்போது பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும். ஆசிரியர்களே, ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இஸ்ரோ இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். ஏழு, எட்டாம் வகுப்பிலேயே கண்காட்சிச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘விண்வெளிப் போட்டி’, ‘இளம் விஞ்ஞானி விருது’ என்ற பெயர்களில் பணம் கட்டினால் சான்றிதழ் தரும் நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: என் பிள்ளை இதில் என்ன செய்யப் போகிறாள்? விடை தெளிவாக வராவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு சாலிடரிங் கருவியும் சில மின்னணுப் பாகங்களும் வாங்கிக் கொடுங்கள்.

படி 3: உங்கள் ஊர் ஏரியை விண்ணிலிருந்து அளந்து பாருங்கள்

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பதினான்கு வயது முதல் யாரும் செய்யலாம். ஒரு கணினியும் இணையமும் போதும், ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை உங்கள் ஊரின் மேல் ஒன்று கடக்கும். படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ‘கோபர்நிக்கஸ் பிரவுசர்’ என்ற தளத்தில் கணக்குத் தொடங்கி, உங்கள் ஊர் ஏரியைத் தேடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு படம், மே மாதத்தில் ஒரு படம். மேகம் இல்லாத நாளாகப் பாருங்கள்.

படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நூறு புள்ளிகள் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். செடிகொடிகள் அதைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். பச்சை ஒளியின் அளவிலிருந்து அகச்சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், தண்ணீர் உள்ள இடம் பெரும்பாலும் நேர்க்குறி எண்ணாக வரும். நீர்க் குறியீடு என்பது இதுதான். தளத்திலேயே இந்தக் கணக்கு தயாராக இருக்கிறது. ஆனால் ஒருமுறையாவது படத்தை இறக்கி, கியூ-ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

கணக்கு முடிந்ததும் ஏரிக்கரைக்கு நேரில் போங்கள். ஆகாயத்தாமரை மூடிய பகுதியைக் கணக்கு ‘தண்ணீர் இல்லை’ என்று காட்டியிருக்கும், ஏனென்றால் செயற்கைக்கோளுக்குத் தெரிவது செடிதான். கலங்கிய ஓரங்களிலும் பிழை வரும். அந்தப் பிழைகளைக் குறித்து, காரணம் எழுதி, வரைபடத்தோடு நான்கு பக்க அறிக்கையாக்குங்கள். இதே வேலையைத்தான், இன்னும் பெரிய அளவில், தொலையுணர்வு (ரிமோட் சென்சிங்) மையங்களில் இருப்பவர்கள் செய்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கையிலோ இன்டர்ன்ஷிப் நேர்காணலிலோ பணம் கட்டி வாங்கிய பத்துச் சான்றிதழை விட இந்த நான்கு பக்கம் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

அடுத்து இந்தியத் தரவுக்கு வாருங்கள். இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் நம் நாட்டு வரைபடங்கள், ‘மாஸ்டாக்’ தளத்தில் இன்சாட் வானிலைப் படங்கள் கிடைக்கும். சந்திரயான், ஆதித்யா தரவுகளையும் இஸ்ரோ பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வுக் கல்விநிறுவனம் கல்லூரி மாணவர்களுக்கு இணையவழியில் இலவசப் பாடங்கள் நடத்துகிறது.

படி 4: பத்தாம் வகுப்புக்குப் பிறகு

மேல்நிலையில் கணிதம், இயற்பியல், வேதியியல் இருக்கும் பிரிவை எடுங்கள். கணிதம் கடினம் என்று விட்டுவிட்டுப் பிறகு பொறியியலுக்குத் திரும்புவது சிரமம். கணிதம் எடுக்காதவர்கள் புவியியல், நிலவியல் வழியாகத் தொலையுணர்வுக்கு வரலாம்.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வழிகளைத் தாழ்வாக நினைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது தவறு என்று அழுத்திச் சொல்கிறேன். ராக்கெட்டின் எரிபொருள் தொட்டியில் ஒரு வெல்டிங் இணைப்பில் மயிரிழை அளவு விரிசல் இருந்தால் மொத்த ராக்கெட்டும் போய்விடும். அந்த இணைப்பைப் போடுகிறவரும், ஊடுகதிர் எடுத்துச் சோதிக்கிறவரும், வால்வைப் பொருத்துகிறவரும் இல்லாமல் எந்த விஞ்ஞானியும் எதையும் பறக்கவிட முடியாது. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர், எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவுகளில் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்தவர்களை இஸ்ரோ மையங்கள் ‘டெக்னீஷியன்-பி’ பணிக்கு எடுக்கின்றன. ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். முதல் வகுப்பு டிப்ளமோ இருந்தால் ‘டெக்னிக்கல் அசிஸ்டென்ட்’, அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். படிகள் தனி. வேலையில் இருந்துகொண்டே மேலே படித்தவர்கள் ஏராளம்.

இந்தப் பணிகளுக்கு எல்லா மையங்களும் சேர்ந்து ஒரே அறிவிப்பு வெளியிடுவதில்லை. திருவனந்தபுரம், மகேந்திரகிரி, ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு என மையம் மையமாக வரும். ஒவ்வொரு மையத்தின் இணையதளத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பயிற்சிப் பணியாளர்களையும் இதே முறையில்தான் எடுக்கிறார்கள்.

படி 5: பன்னிரண்டுக்குப் பிறகு கல்லூரி

திருவனந்தபுரத்தில் 2007-ல் தொடங்கிய ஐ.ஐ.எஸ்.டி. விண்வெளிக்கென்றே உள்ள கல்விநிறுவனம். ஐ.ஐ.டி.களுக்கான நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசை வேண்டும். அங்கே படித்தால் இஸ்ரோ வேலை உறுதி என்று நினைக்க வேண்டாம். மதிப்பெண்ணும் காலியிடமும் பொறுத்துத்தான்.

அது கிடைக்கவில்லையா? இயந்திரவியல், மின்னணுவியல், மின்னியல், கணினி அறிவியல் ஆகியவற்றில் ஒன்றை, ஆய்வகம் ஒழுங்காக நடக்கும் கல்லூரியில் எடுங்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிப்பைப் பலரும் கவனிப்பதில்லை. செயற்கைக்கோள் தரவில் ஆர்வம் இருந்தால் அது நேர்வழி. ஏரோஸ்பேஸ்தான் வேண்டும் என்றால் கல்லூரிக்கு நேரில் போய், மாதிரிகள்மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் இருக்கிறதா, மாணவர்கள் அதைத் தொட விடுகிறார்களா என்று இறுதியாண்டு மாணவரிடமே கேளுங்கள். வானியல், இயற்பியல் பக்கம் சாய்பவர்கள் மத்திய அரசின் அறிவியல் கல்விநிறுவனமான ஐசர் போன்றவற்றைப் பாருங்கள்.

கல்லூரிக்குள் நுழைந்த முதல் பருவத்திலேயே நினைவில் வைக்க வேண்டிய எண்: 65. இஸ்ரோவின் பொறியாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்க முதல் வகுப்போடு மொத்தம் 65 சதவீதம், அல்லது பத்துக்கு 6.84 சி.ஜி.பி.ஏ. வேண்டும். முதலாண்டில் விளையாட்டாக விட்ட மதிப்பெண் கடைசியில் 64-ல் நிறுத்திவிட்டால், எவ்வளவு திறமை இருந்தாலும் விண்ணப்பப் படிவமே ஏற்காது.

மதிப்பெண்ணுக்கு அப்பால் கை வேலை வேண்டும். நண்பர்கள் நாலைந்து பேரோடு குழு அமையுங்கள். ஒரு குளிர்பான டப்பா அளவுக்குள் உணரி, ரேடியோ, பாராசூட் எல்லாம் அடக்கி உயரத்திலிருந்து இறக்கும் ‘கேன்சாட்’ போட்டிகள் இன்-ஸ்பேஸ் ஆதரவில் நடக்கின்றன; மாதிரி ராக்கெட் போட்டியும் உண்டு. நம் மாணவர்களுக்கு இதில் நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள்: அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-லும், எஸ்.ஆர்.எம்.சாட் 2011-லும், சத்யபாமாசாட் 2016-லும், குமரி மாவட்ட நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட் 2017-லும் இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறிச் சென்ற செயற்கைக்கோள்கள்.

சி, பைத்தான் மொழிகளில் ஒன்றையாவது நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். சோதனைக் குறிப்பேடு எழுதப் பழகுங்கள்: தேதி, என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்களுக்கு இதுவே நல்ல பயிற்சியும் ஆகும். சிறிய வாக்கியங்கள் போதும்.

படி 6: வேலைக்கு விண்ணப்பித்தல்

இஸ்ரோவில் பொறியாளர் பணியின் பெயர் ‘சயின்டிஸ்ட்/எஞ்சினியர் எஸ்.சி.’ (இங்கே எஸ்.சி. என்பது பணிநிலை, இட ஒதுக்கீட்டுப் பிரிவு அல்ல). அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். மத்தியத் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் நடத்தி எடுக்கிறது. சில அறிவிப்புகளில், முதுநிலைப் பொறியியலுக்கான ‘கேட்’ (GATE) தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். கேட் தேர்வுக்குப் படிப்பது இரண்டுக்கும் உதவும். அண்மை அறிவிப்புகளில் வயது வரம்பு 28, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. நேர்காணலில் அடிப்படையைத்தான் தோண்டுவார்கள். உங்கள் புராஜெக்ட்டில் ஒரு எண்ணைச் சொன்னால், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்பார்கள். கடையில் வாங்கிய புராஜெக்ட் அங்கே நிற்காது.

தனியார் நிறுவனங்களில் வழி வேறு. அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் செய்த ஒரு வேலையை இரண்டு பக்கத்தில் விளக்கி, இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதுங்கள். ‘எனக்கு விண்வெளி பிடிக்கும்’ என்று எழுதுவதைவிட ‘இந்தச் சர்க்யூட்டை வடிவமைத்தேன், இந்த இடத்தில் வெப்பமானது, இப்படிச் சரிசெய்தேன்’ என்று எழுதுவது வேலை செய்யும். புதிய நிறுவனத்தில் பொறுப்பு சீக்கிரம் கிடைக்கும், கற்பதும் அதிகம். ஆனால் முதலீடு நின்றால் வேலையும் நிற்கலாம். குடும்பச் சுமை உள்ளவர்கள் இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது கதவு ஒன்று உண்டு. எச்.ஏ.எல்., எல் அண்ட் டி, கோத்ரெஜ் போன்ற பெரிய நிறுவனங்களும், கோவை, ஓசூர் பக்கத்துத் துல்லிய உதிரிபாகப் பட்டறைகளும் அது. கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் நல்ல கை உள்ளவர் அங்கிருந்தே விண்வெளி வேலைக்குள் வர முடியும்.

‘நாசாவில் சேர வேண்டும்’ என்று சொல்லும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: நாசாவின் நிரந்தரப் பணிகள் அமெரிக்கக் குடிமக்களுக்கு உரியவை. அங்குள்ள ராக்கெட் நிறுவனங்களிலும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் வெளிநாட்டவர் நுழைவது கடினம். ஆராய்ச்சிப் படிப்புக்கு வெளிநாடு போகலாம். வேலையை இங்கே திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்தது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

பெண் பிள்ளைகள் இயந்திரவியலோ வெல்டிங்கோ கேட்டால் தடுக்காதீர்கள். சந்திரயான்-2 திட்ட இயக்குநர் சென்னையைச் சேர்ந்த வனிதா. ஆதித்யாவை நிகார் ஷாஜி நடத்தினார். வீட்டில் யாரோ ஒருவர் ‘போ’ என்று சொல்லாமல் இது நடந்திருக்காது.

சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பத்தாம் வகுப்பிலேயே பார்த்துத் திருத்திவிடுங்கள். வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இது பெரிய தலைவலியாகும்.

பிள்ளைகளை நேரில் அழைத்துப் போக இரண்டு இடங்கள் சொல்கிறேன். வாணியம்பாடி அருகே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. பார்வையாளருக்கான நாளையும் நேரத்தையும் முன்பே உறுதி செய்துகொண்டு போங்கள். மற்றொன்று ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுதலைப் பொதுமக்கள் பார்க்க அங்கே பார்வையாளர் மாடம் உண்டு, கட்டணம் இல்லை. ஏவுதலுக்குச் சில நாட்கள் முன்பு இணையத்தில் பதிவு திறக்கும். இடங்கள் வேகமாக நிரம்பும் என்பதால் அறிவிப்பு வந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள். சென்னையிலிருந்து சூளூர்பேட்டைக்குப் புறநகர் ரயில் போகிறது. பதிவுச் சீட்டும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஏவுதல் கடைசி நேரத்தில் தள்ளிப்போவதும் நடக்கும், ஆகவே மறுநாள் பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள்.